சதவீதத்துக்கு மாட்டிய பிரேக்

லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். எல்லோருக்கும் அவர் ‘சதவீதம்’தான். குடை எடுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்டால், "மழை வர நாப்பது சதவீதம்" என்பார். தர்பூசணியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இனிக்க எழுபது" என்பார். குடும்பப் படம் எடுக்கும்போது, "இதுல யாராவது ஒருத்தர் கண்ணை மூடியிருக்க எண்பது சதவீதம்" என்று சொல்லி முடிப்பதற்குள் கிளிக் என்றது. படத்தில் கண்ணை மூடியிருப்பது அவர்தான்.

இப்படிப்பட்டவர் போக்கர் ஆட்டத்துக்குள் போய் விழுந்தது அதிசயமே இல்லை. அந்த ஆட்டமே சதவீதம்தான். ஒவ்வொருவருக்கும் ரகசியமாக இரண்டு சீட்டுகள். மேஜை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள், கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். இரண்டையும் ஐந்தையும் சேர்த்து யார் நல்ல கூட்டணி அமைக்கிறாரோ அவர் ஜெயிப்பார். ஆனால் அழகு அதில் இல்லை. நம் சீட்டு மோசம் என்று தெரிந்தால் கவிழ்த்து வைத்துவிட்டுச் சும்மா உட்காரலாம். நல்ல ஆட்டக்காரர் பாதி நேரத்துக்கு மேல் சும்மாதான் உட்கார்ந்திருப்பார். சும்மா உட்கார்ந்தபடி மற்றவர்களைப் பார்ப்பார்.

சதவீதம் நன்றாகப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் மருந்துக்கடையின் பின்னறையில்தான் ஆட்டம். பணத்துக்குப் பதில் மருந்து பாட்டில் மூடிகள். மருந்துக்கடைக்காரர் பொய்யாகப் பந்தயம் ஏற்றும்போது, அலமாரியில் இருக்கும் இருமல் மருந்தின் லேபிளை முதல் தடவை பார்ப்பவர் போலப் படிப்பார். பஸ் டிரைவருக்கு நல்ல சீட்டு வந்துவிட்டால் கட்டைவிரல் தானாக மேஜையை அழுத்தும், ஹாரன் அடிப்பதுபோல. சதவீதத்துக்கு இதெல்லாம் அத்துப்படி. தோற்றவன் ஆத்திரத்தில் கண்மண் தெரியாமல் ஆடுவதை ஆட்டக்காரர்கள் ‘டில்ட்’ என்பார்கள். டிரைவர் டில்ட்டில் இருந்தால் சதவீதம் அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, "போதும்ணே, இன்னைக்கு வண்டியை ஷெட்ல விடுங்க" என்று தோளில் தட்டி அனுப்பிவைப்பார்.

அதனால் அவருக்கு ஒரு நம்பிக்கை. ‘நான் சூதாடி இல்லை. நான் போக்கர் ஆடுகிறேன்.’

சங்கதி என்னவென்றால், அவர் மேஜையை விட்டு எழுந்த பிறகுதான் கோளாறு ஆரம்பிக்கும். ஒரு மழை நாளில் ஆட்டம் முடிந்து, ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தார்கள். கண்ணாடியில் இரண்டு மழைத்துளிகள் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தன.

"சும்மா ஒரு பேச்சுக்கு" என்றார் சதவீதம். "இடது பக்கத் துளிதான் முதல்ல கீழ வரும். என்ன பந்தயம்?"

துளிக்கு என்ன திறமை இருக்கிறது? அதன் முகத்தைப் பார்த்து மனசைப் படிக்க முடியுமா? ஆனாலும் குடையைப் பந்தயம் வைத்தார். இடது துளி பாதி வழியில் கோணிக்கொண்டு போய் இன்னொரு துளியோடு சேர்ந்துவிட்டது. குடை போயிற்று. குடையை மீட்க இஸ்திரிப் பெட்டியை வைத்தார். வலது துளியும் கைவிட்டது. இஸ்திரிப் பெட்டியை மீட்க எதை வைப்பது? அதைவிடப் பெரிதாக ஏதாவது இருந்தால்தானே மருந்துக்கடைக்காரர் சம்மதிப்பார். வீட்டில் அதைவிடப் பெரிதாக, தூக்கிக்கொண்டு போகும்படி, வாஷிங் மெஷின் இருந்தது.

மனைவி வேலைக்குப் போயிருந்த நேரத்தில் டிரைவரும் மருந்துக்கடைக்காரரும் வந்து அதைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போகும்போது குடை பிடித்துக்கொண்டு போனார்கள். அது சதவீதத்தின் குடை.

மனைவி வீடு திரும்பியதும் குளியலறைப் பக்கம் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தார்.

"மெஷின் எங்க?"

"ரிப்பேருக்குப் போயிருக்கு."

இங்கேதான் சதவீதம் சறுக்கினார். ஒரு தையல்காரரோ வங்கிக்காரரோ இதைச் சொல்லியிருந்தால் நம்பியிருக்கலாம். இவர் வீட்டுக் கடிகாரத்திலிருந்து பக்கத்து வீட்டுக் குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள் வரை எல்லாவற்றையும் கழற்றி மாட்டுபவர். இவர் வீட்டு மெஷினில் வேறொருவர் ஸ்பேனர் வைக்க வேண்டுமானால் இவர் மூச்சு நின்றிருக்க வேண்டும்.

மனைவிக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. கண் பரிசோதிப்பவர். இந்த வில்லையா அந்த வில்லையா, எது தெளிவு என்று நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டே ஆட்களின் கண்ணிலிருந்து உண்மையை வரவழைப்பவர். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"நேரா பாருங்க. ‘மெஷின் ரிப்பேருக்குப் போயிருக்கு.’ இது தெளிவா இருக்கா? இல்ல, ‘மெஷினை யாருக்கோ குடுத்துட்டேன்.’ இது தெளிவா இருக்கா?"

"ரெண்டாவது... கொஞ்சம் தெளிவா இருக்கு."

"சரி. ‘இல்லாதவங்களுக்கு உதவியா குடுத்தேன்.’ ‘சீட்டாடற கூட்டத்துக்கிட்ட விட்டேன்.’ எது?"

"ரெண்டாவது."

"சீட்டுல தோத்தீங்களா, வேற எதுலயா?"

"வேற எதுலயோ."

"எதுல?"

"மழைத்துளில."

அந்த அறையில் இன்னொருவரும் இருந்தார். மனைவியின் அண்ணன். சதவீதத்துக்கு மச்சான் மட்டுமல்ல, வேலையில் ஜோடியும்கூட. சோபாவில் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்தினார். சிரிப்பை அடக்குவதற்காக முழுப் பழத்தையும் வாயில் திணித்துக்கொண்டார்.

"சிரிக்காதண்ணா" என்றார் மனைவி. "உனக்கும் சேர்த்துதான் சொல்றேன். இவர் இனிமே ஒரே ஒரு பந்தயம் கட்டினாலும் நான் பெட்டியைக் கட்டிக்கிட்டு உன் வீட்டுக்கு வந்துடுவேன். அங்க மெஷின் இருக்கு. மிரட்டறேன்னு நினைக்காதீங்க ரெண்டு பேரும்."

மச்சானுக்குப் பழம் புரை ஏறியது. அவர் வீட்டில் ஒரே ஒரு குளியலறை. போன தடவை தங்கை நாலு நாள் தங்கியபோது அவருடைய ஸ்பேனர்களை அளவு பார்க்காமல் நிறம் பார்த்து அடுக்கி வைத்துவிட்டுப் போனார். இன்னும் பாதி கிடைக்கவில்லை.

"மாப்ள" என்றார் இருமிக்கொண்டே. "நீ திருந்தணும். எனக்காகத் திருந்தணும்."

சதவீதம் சிரிக்கவில்லை. மனைவி அலமாரிக்கு மேலிருந்து பெட்டியை இறக்கித் தூசி தட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் போட்டிருந்தால் தேவலை. அவர் நிதானமாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் இருவரும் ஒரு கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறையில் இருந்தார்கள். கவர்னரைச் சோதிக்கும் வேலை. லிஃப்ட்டில் போகிறவர்களில் பெரும்பாலோர் இதைப் பார்த்ததே கிடையாது. ஆனால் தினமும் அவர்கள் உயிரைக் காப்பது இதுதான். ஒரு சக்கரம். அதன் மேல் ஒரு கம்பிக் கயிறு. லிஃப்ட் பெட்டி மேலும் கீழும் போகும்போது கயிறும் கூடவே ஓடிச் சக்கரத்தைச் சுற்றும். சக்கரத்தில் இரண்டு சின்ன எடைகள். மெதுவாகச் சுற்றினால் அவை அடக்கமாக ஒட்டியிருக்கும். வேகம் கூடக் கூட, சுழன்றாடும் பெண்ணின் பாவாடைபோல வெளியே விரியும். ஓர் அளவுக்கு மேல் விரிந்தால் கொக்கி விழுந்து கயிற்றைக் கவ்விப் பிடித்துவிடும். நின்றுபோன கயிறு, பெட்டிக்கு அடியில் இருக்கும் ஆப்புகளை இழுக்கும். ஆப்புகள் இரும்புத் தண்டவாளத்தைக் கடித்துக்கொள்ளும். பெட்டி நின்றுவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பெட்டிக்குள் இதற்குப் பொத்தான் கிடையாது. உள்ளே இருப்பவர் இதைப் போடவும் முடியாது, எடுக்கவும் முடியாது. எந்த வேகத்தில் கொக்கி விழ வேண்டும் என்பதை, லிஃப்ட் சும்மா நிற்கும்போதே வெளியில் இருப்பவர் தீர்மானித்துப் பூட்டிவிடுவார். விழுந்த கொக்கியை விடுவிப்பதும் வெளியில் இருப்பவர்தான். அதுவும் பெட்டியைக் கொஞ்சம் மேலே தூக்கினால்தான் ஆப்பு கழலும். கீழே போகிற வழியில் கழலவே கழலாது.

"எவ்வளவு அழகா யோசிச்சிருக்கான் பாருங்க மச்சான்" என்றார் சதவீதம், எத்தனையோ தடவை சொன்னதை மறுபடியும். சக்கரத்தைத் துடைத்தார். "உள்ள இருக்கறவன் கையில பிரேக்கைக் குடுத்தா என்ன செய்வான்? ‘இன்னும் ஒரே ஒரு மாடிதானே, பார்த்துக்கலாம்’னு..."

துணி அப்படியே நின்றது.

மச்சான் மோட்டார் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு அவரையே பார்த்தார். "சொல்லு மாப்ள. ‘இன்னும் ஒரே ஒரு மாடிதானே.’ அப்புறம்?"

"குடைக்கு அப்புறம் இஸ்திரிப் பெட்டி" என்றார் சதவீதம் மெல்லிய குரலில்.

"இஸ்திரிப் பெட்டிக்கு அப்புறம்?"

"எனக்கு ஒரு கவர்னர் மாட்டணும் மச்சான்."

கவர்னர் மாட்ட வேண்டுமானால் எந்த வேகத்தில் கொக்கி விழ வேண்டும் என்று தெரிய வேண்டும். சாயங்காலம் மூன்று பேரும் அதைப் பற்றிப் பேச உட்கார்ந்தார்கள். சதவீதம் தன் புத்தி எப்போது தடம் புரள்கிறது என்று சதவீதத்தில் விளக்க ஆரம்பித்தார். மனைவி கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் வேணாம். நீங்க பந்தயம் கட்டப் போறீங்கன்னா இடது காது மடலைப் பிடிச்சு இழுப்பீங்க. உடனே ‘சும்மா ஒரு பேச்சுக்கு’ம்பீங்க. ரெண்டும் சேர்ந்து வந்தா வீட்டுல ஏதோ ஒரு சாமான் குறையப் போகுதுன்னு அர்த்தம்."

"நானா? காதையா?"

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பார்க்கறேன்."

மருந்துக்கடைக்காரரின் லேபிளையும் டிரைவரின் கட்டைவிரலையும் படித்தவர், தன் காதைப் படிக்கவில்லை. மேஜையில் எல்லோருடைய முகமும் தெரியும் இடத்தில்தான் அவர் உட்காருவார். அவர் முகம் மட்டும் அவருக்குத் தெரியாது.

"அப்ப ஆட்டத்தையே விட்டுடுங்க" என்றார் மனைவி.

"போக்கர்ல நான் ஒழுங்காத்தான் இருக்கேன். கெட்ட சீட்டைத் தொடக்கூட மாட்டேன். கேட்டுப் பாரு யாரை வேணும்னாலும்."

மனைவி அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். "சரி, பார்த்துடலாம். போங்க. அண்ணன் கூட வருவான். மூடியைத் தவிர எதையும் வைக்கக் கூடாது. காதும் பேச்சும் சேர்ந்து வந்துச்சுன்னா அவன் உங்களைத் தூக்கிடுவான். ஏன், எதுக்குன்னு பேச்சே கிடையாது. நான் சொல்ற வரைக்கும் திரும்பி அங்க போகக் கூடாது. அவன் தூக்கறதுக்கு முன்னாடி நீங்க பந்தயம்னு ஒண்ணை வெச்சுட்டீங்கன்னா, பெட்டி ரெடியா இருக்கு. சம்மதமா?"

"சம்மதம்."

சம்மதம் சொன்னபோது அவர் லிஃப்ட்போலச் சும்மா நின்றுகொண்டிருந்தார். அதுதான் சரியான நேரம்.

வரவேற்பறையில் ஒத்திகை நடந்தது. மச்சான் பின்னாலிருந்து இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கி இழுக்க வேண்டும். முதல் தடவை சதவீதத்துக்குக் கூச்சம் தாங்கவில்லை. இரண்டாவது தடவை மச்சானுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. மூன்றாவது தடவை சரியாக வந்தது, சோபா மட்டும் கொஞ்சம் நகர்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடைப் பின்னறைக்குள் நுழைந்ததும் சதவீதம் வாசலிலேயே நின்றுவிட்டார். பழைய மேஜையைக் காணோம். அதன் இடத்தில் அவருடைய வாஷிங் மெஷின். மேலே ஒரு பலகை, பலகை மேல் பச்சைத் துணி, அதன் மேல் சீட்டுக்கட்டு. உள்ளே மருந்துக்கடைக்காரரின் வெள்ளைக் கோட்டுகள் கடமுடவென்று சுற்றிக்கொண்டிருந்தன.

"ரெண்டு வேலையும் ஒரே நேரத்துல ஆயிடுது பாருங்க" என்றார் மருந்துக்கடைக்காரர் பெருமையாக. "நல்ல மெஷின். சத்தமே இல்ல."

"பஞ்சு ஃபில்டரைக் கழுவினீங்களா?" என்று கேட்டார் சதவீதம்.

"அப்படின்னா என்ன?"

சதவீதம் கண்ணை மூடித் திறந்தார். மச்சான் அவர் நாற்காலிக்குப் பின்னால் போய், கைவிரல்களைச் சொடுக்கிக்கொண்டு நின்றார்.

"இவர் எதுக்கு?" என்றார் டிரைவர்.

"நான் கவர்னர்."

"ஓஹோ. ஐயா உக்காருங்க."

"கவர்னர் உக்கார மாட்டார்."

ஆட்டம் ஆரம்பித்தது. ஒன்று சொல்ல வேண்டும்: சதவீதம் உண்மையாகவே அருமையாக ஆடினார். மோசமான சீட்டுகளைச் சலிக்காமல் கவிழ்த்தார். மருந்துக்கடைக்காரர் இருமல் மருந்தைப் படித்தபோது துணிந்து ஏற்றி அவருடைய மூடிகளை வாரினார். டிரைவரின் கட்டைவிரல் அழுத்தியபோது ஒதுங்கிக்கொண்டார். மச்சானுக்கே நம்பிக்கை வந்துவிட்டது. கொட்டாவி விட்டார்.

அப்போது சதவீதத்துக்கு இரண்டு ராஜா வந்தது.

நடுவில் முதலில் திறந்த மூன்று சீட்டுகள்: ராஜா, ராஜா, ஒன்பது. கையில் இரண்டு, நடுவில் இரண்டு. நாலு ராஜா! ஒருவர் ஆயுசு முழுக்க ஆடினாலும் இது வருமா என்று சொல்ல முடியாது. நான்காவதாக ஒரு ஏஸ் திறந்தது. ஐந்தாவதாக ஒரு நாலு. டிரைவர் எப்போதோ கவிழ்த்துவிட்டார். மருந்துக்கடைக்காரர் லேபிள் எதையும் படிக்கவில்லை, கண் மினுங்க மூடிகளை முன்னால் தள்ளிக்கொண்டேயிருந்தார். அவர் கையில் இரண்டு ஏஸ் இருக்கிறது என்று சதவீதத்துக்குப் புரிந்துவிட்டது. மூன்று ஏஸ், இரண்டு ராஜா. பிரமாதமான சீட்டு. தோற்கப்போகிற சீட்டு.

வேறு எதுவும் நாலு ராஜாவை அடிக்க முடியாது. மனசுக்குள் மறுபடி மறுபடி கூட்டிப் பார்த்தார். நூறு சதவீதம்.

சரியாக அந்த நேரம் மெஷின் துணி பிழியும் கட்டத்துக்கு வந்தது. பலகை அதிர்ந்தது. மூடிகள் தாமாகவே நடனமாடின. நாலு ராஜா, அவருக்குச் சொந்தமான மெஷின், அதன் மேலேயே கை. சதவீதத்தின் இடது கை மெல்ல மேலே போனது. காது மடலைப் பிடித்தது.

"சும்மா ஒரு பேச்சுக்கு" என்றார். "என் டூல் பாக்ஸை நான்..."

வாக்கியம் முடியவில்லை. நாற்காலியும் ஆளுமாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தார்.

"விடுங்க மச்சான்! ஐயோ, நாலு ராஜா! நாலும் ராஜா!"

"பேச்சே கிடையாது."

"நூறு சதவீதம் மச்சான்! வாழ்க்கையில முதல் தடவையா நூறு!"

"அந்த டூல் பாக்ஸ்ல பாதி ஸ்பேனர் என்னோடதுடா!"

கதவு நிலையில் நாற்காலி மாட்டிக்கொண்டது. மச்சான் நாற்காலியை விட்டுவிட்டு ஆளை மட்டும் உருவி எடுத்தார். பின்னறையில் பலகையின் குலுக்கலில் கவிழ்ந்திருந்த இரண்டு சீட்டுகளும் விளிம்புக்கு வந்து, தரையில் விழுந்து மலர்ந்தன. டிரைவர் குனிந்து பார்த்தார். இரண்டு ராஜா.

"அட பாவி" என்றார் மரியாதையோடு. மருந்துக்கடைக்காரர் தன் இரண்டு ஏஸையும் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், பக்கத்திலிருந்த தண்ணீரை எடுத்து மடக்மடக்கென்று குடித்தார்.

தெருவில் சதவீதம் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "ஜெயிச்சிருப்பேன். இந்நேரம் மெஷின் வீட்டுக்குப் போயிருக்கும். எந்த ஊர் கவர்னர் மச்சான் இது, ஜெயிக்கிற நேரத்துல நிறுத்தறது?"

மச்சான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். "கவர்னருக்கு வேகம் மட்டும்தான் மாப்ள தெரியும். உள்ள யாரு இருக்கான், எந்த மாடிக்குப் போறான், எதுக்குப் போறான்னு அதுக்கு எப்படித் தெரியும்? நீதானே சொல்லிக் குடுத்தே."

"நாலு ராஜா."

"சரி, ஜெயிச்சுட்டே. மெஷின் உன்னோடது. எழுந்து வீட்டுக்கு வந்திருப்பியா?"

"உடனே வந்திருப்..."

சதவீதம் நிறுத்தினார். யோசித்தார். உண்மையைச் சொல்ல வேண்டுமானால், காதைத் தொட்டபோது அவர் மனசில் மெஷின் வந்து சேர்ந்தாகிவிட்டது. மெஷினைத் தாண்டி அடுத்ததுக்குப் போயிருந்தார்.

"இஸ்திரிப் பெட்டி" என்றார்.

"ம்."

"அதுக்கப்புறம் குடை."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் எதுக்கு நிறுத்தணும்னு தோணியிருக்கும்." அவர் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். "ஜெயிச்சிருந்தாலும் கீழதான் போயிருப்பேன் மச்சான். அது டிரைவர் அண்ணனுக்கு மட்டும் வர்ற டில்ட்டுன்னு நினைச்சேன்."

மச்சான் அவர் தோளில் தட்டினார். டிரைவருக்குச் சதவீதம் தட்டுவாரே, அதே மாதிரி.

வீட்டில் மனைவி கூடத்தில் உட்கார்ந்திருந்தார். பெட்டி பக்கத்திலேயே இருந்தது. மச்சான் முந்திக்கொண்டு, "பந்தயம் வைக்கல, வைக்கல! வாயைத் திறந்தான், தூக்கிட்டேன்!" என்று வாசலிலிருந்தே கத்தினார்.

"அவர் சொல்லட்டும்ணா."

சதவீதம் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். நாலு ராஜாவைச் சொன்னார், இஸ்திரிப் பெட்டியைச் சொன்னார், குடையைச் சொன்னார். "போக்கர்ல ஒழுங்கா இருக்கேன்னு சொன்னேன்ல. அந்த ஒழுங்கைக் காட்டித்தான் என்னை நானே ஏமாத்திக்கிட்டிருந்தேன். இப்போதைக்கு அந்த மேஜைப் பக்கமே நான் போகக் கூடாது. எப்பப் போகலாம்னும் நான் சொல்லக் கூடாது. போகவே வேணாம்னாலும் சரி."

மனைவி அவரையே பார்த்தார். "இது தெளிவா இருக்கே" என்றார். பெட்டியைத் தூக்கி மச்சானிடம் கொடுத்தார். "அலமாரி மேல வைண்ணா." மச்சான் இடுப்பு வலியை மறந்து அதை இரண்டே எட்டில் கொண்டுபோய் வைத்தார்.

"துணி?" என்று கேட்டார் சதவீதம்.

"வாளில ஊறுது. உங்களுக்காகத்தான்."

மொட்டை மாடியில் அவர் துவைத்தார். துவைப்பதும் நல்ல இயந்திர வேலைதான்: நுரை அழுக்கைப் பிடிக்கும், கை அதை அடித்து விரட்டும், தண்ணீர் அடித்துக்கொண்டு போகும். மச்சான் கொடியில் உலர்த்தினார். மனைவி கிளிப் மாட்டினார். நல்ல வெயில். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சட்டைகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன, ஒன்று நீலம், ஒன்று வெள்ளை. இரண்டிலிருந்தும் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

சதவீதம் கொஞ்ச நேரம் அவற்றையே பார்த்தார்.

"சும்மா ஒரு..." என்று ஆரம்பித்தவர், காதில் என்னவோ சில்லென்று இருப்பதை உணர்ந்தார். கையை எடுத்துப் பார்த்தார். வாளித் தண்ணீரில் குனிந்து பார்த்தார். இடது காது முழுக்க வெள்ளை நுரை, பஞ்சு மிட்டாய் ஒட்டியதுபோல.

யாரும் எதுவும் சொல்வதற்கு முன், அவரே கையைத் தூக்கினார்.

"மச்சான்! வந்துடுச்சு! தூக்குங்க!"

"எனக்கு இடுப்பு வலிக்குதுடா, நீயே எழுந்து போ!"

மனைவிக்குச் சிரிப்பு வந்தது. வாயில் கடித்திருந்த கிளிப்பு கீழே விழுந்தது. சதவீதம் தானாகவே எழுந்து, சட்டைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நுரைக் காதோடு படியிறங்கிப் போனார். எந்தச் சட்டை முதலில் காய்ந்தது என்று அவர் கடைசிவரை கேட்கவில்லை.